ஏறி ஓட்டும் சூட்கேஸோடு விமானப் பயணம்: பேட்டரியைக் கழற்றுவதிலிருந்து போய் இறங்குவது வரை

சூட்கேஸ் மேல் உட்கார்ந்து, ஹேண்டிலைத் திருப்பி, டெர்மினலுக்குள் சர்ரென்று போகிறவர்களை இப்போது எந்தப் பெரிய விமான நிலையத்திலும் பார்க்கலாம். 2016-ல் அமெரிக்காவில் மோடோபேக் வந்தபோது அது வேடிக்கைப் பொருள். அப்புறம் சீனாவின் ஏர்வீல் போன்ற நிறுவனங்கள் இறங்கியதும் விலை குறைந்தது, ஆன்லைனில் யாரும் வாங்கலாம் என்றாகிவிட்டது. விற்கும் பக்கத்தில் "விமானத்தில் எடுத்துச் செல்லலாம்" என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரி பொய்யில்லை. ஆனால் எந்த விமானத்தில், எந்தப் பகுதியை, எங்கே வைத்து என்பதெல்லாம் அதில் இருக்காது.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்புகிறவருக்கு நடைமுறையில் ஒரே வழிதான் உண்டு. பெட்டி செக்-இன்னில் போகும், பேட்டரி உங்களோடு கேபினில் வரும். அதைக்கூட ஒப்புக்கொள்ளாத விமான நிறுவனங்கள் இருக்கின்றன. அதனால் வேலையை டிக்கெட் போடும் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்; ஏர்போர்ட் வாசலில் தொடங்கினால் நேரம் போதாது.

1. பேட்டரி கையால் கழல்கிறதா?

மற்ற எதற்கும் முன்னால் இதைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் பேட்டரி வெளியே வர வேண்டும். மாடலைப் பொறுத்து அது ஹேண்டில் அருகிலோ அடித்தட்டிலோ இருக்கும். பெட்டி காலியாக இருக்கும்போது எடுத்துப் பார்த்தால் போதாது. துணிமணியை அடுக்கி, ஜிப்பைப் போட்டு, பூட்டிய பிறகும் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பேட்டரி அறை உள்பக்க லைனிங்குக்கு அடியில் இருந்தால், கவுண்டர் முன்னால் பத்துப் பேர் பார்க்க உள்ளாடைகளைப் பரப்பித்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

கழற்றவே முடியாத பேட்டரி என்றால் கதை அங்கேயே முடிந்தது. உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் விதிப்படி, பெட்டியில் நிரந்தரமாகப் பொருத்திய லித்தியம் அயன் பேட்டரி 2.7 வாட்-அவரை (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) தாண்டினால் அந்தப் பெட்டி கேபினிலும் ஏறாது, சரக்கறையிலும் ஏறாது. சாதாரண செல்போன் பேட்டரியே 15 முதல் 20 வாட்-அவர் வரும். ஆளை இழுக்கும் மோட்டாருக்கான பேட்டரி 2.7-க்குள் இருக்க வாய்ப்பே இல்லை.

இந்த மாதிரித் தடையால் ஒரு நிறுவனமே மூடிப்போனது. 2017 டிசம்பரில் அமெரிக்கன், டெல்டா, அலாஸ்கா ஆகிய மூன்று விமான நிறுவனங்களும் பேட்டரியைக் கழற்ற முடியாத ஸ்மார்ட் பெட்டிகளை 2018 ஜனவரி 15 முதல் ஏற்க மாட்டோம் என்று அறிவித்தன. அப்போது பேர் வாங்கியிருந்த புளூஸ்மார்ட்டின் பெட்டிகளில் பேட்டரியைக் கழற்ற முடியாது. 2018 மே மாதம் அது கடையைக் கட்டியது. பழைய மாடல்களை "அரை விலை" என்று யாராவது விற்றால், விலை ஏன் குறைந்தது என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

2. வாட்-அவர் கணக்கு

அடுத்து, பேட்டரியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். நீங்கள் தேடுவது டபிள்யூஎச் என்ற இரண்டு எழுத்துகளுக்கு முன்னால் இருக்கும் எண். விதி மூன்று படிகளில் இருக்கிறது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். உதிரியாக எடுத்துப்போவதென்றால் ஒருவருக்கு இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் பயணியின் சாமானாகப் போக முடியாது.

லேபிளில் வாட்-அவர் இல்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 72. 24 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 96. ஏர்வீலின் பிரபலமான எஸ்இ3எஸ் மாடலில் சுமார் 73 வாட்-அவர் பேட்டரிதான் வருகிறது. நல்ல நிறுவனங்கள் 100-க்குள் அடக்குவது இதற்காகத்தான். ஹோவர்போர்டுகளில் (மேலே நின்று ஓட்டும் இரு சக்கரப் பலகைகள்) வழக்கமாக வரும் 36 வோல்ட், 4.4 ஆம்பியர்-அவர் பேட்டரி 158-ல் போய் நிற்கும்.

கணக்கு சுலபம்தான், ஆனால் சறுக்கும் இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, சார்ஜரில் அச்சிட்டிருக்கும் 42 வோல்ட். 36 வோல்ட் பேட்டரிக்குள் பத்து செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், முழுக்க ஏறியதும் 4.2. அதனால்தான் சார்ஜர் 42 என்று சொல்கிறது. கணக்குக்கு எடுக்க வேண்டியது பேட்டரி லேபிளில் உள்ள 36-ஐ. 2.5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 36-ஆல் பெருக்கினால் 90, 42-ஆல் பெருக்கினால் 105. ஒன்று அனுமதி தேவையில்லாதது, இன்னொன்று அனுமதி கேட்க வேண்டியது. கவுண்டரில் இருப்பவர் எந்த எண்ணைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து உங்கள் பயணமே மாறிவிடும்.

இரண்டாவது இதைவிட மோசம். சில விற்பனையாளர்கள் "20,000 எம்ஏஎச்" (மில்லி ஆம்பியர்-அவர், அதாவது 20 ஆம்பியர்-அவர்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பவர் பேங்க் கணக்கு, அதாவது ஒற்றைச் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்வது. 20 ஆம்பியர்-அவரை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-அவர், பிரச்சினையில்லை. ஆனால் அதே லேபிளில் 36 வோல்ட் என்றும் இருந்தால், பார்ப்பவர் 20-ஐ 36-ஆல் பெருக்கி 720 என்று முடிவுகட்டிவிடுவார். 720 வாட்-அவரோடு யாரையும் ஏற்ற மாட்டார்கள். நீங்கள் 3.7 வோல்ட் பற்றி அங்கே நின்று வகுப்பெடுக்க முடியாது.

எனவே வாட்-அவர் நேரடியாக அச்சான பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். லேபிள் தேய்ந்து போயிருந்தால் தயாரிப்பாளரிடம் மாற்று பேட்டரி கேளுங்கள். மார்க்கரால் நீங்களே எழுதி ஒட்டுவது சந்தேகத்தைத்தான் கூட்டும். யுஎன் 38.3 என்ற சோதனையில் தேறிய பேட்டரியா என்பதையும் பாருங்கள். உயரம், வெப்பம், அதிர்வு, ஷார்ட் சர்க்யூட் என்று எட்டு வகைச் சோதனைகள் அதில் உண்டு. 2020 ஜனவரி 1 முதல் அந்தச் சோதனைச் சுருக்கத்தைக் கேட்டால் தர வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை சார்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

3. பெட்டியா, வண்டியா?

பேட்டரி 100-க்குள் இருக்கிறது, கையால் கழல்கிறது. சரி, முடிந்தது என்று நினைப்போம். இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத மூன்றாவது விதி வருகிறது.

2015 கடைசியில் ஹோவர்போர்டுகள் ஆங்காங்கே தீப்பிடித்தபோது, விமான நிறுவனங்கள் அவற்றை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தன. அடுத்த வருடம் ஜூலையில் அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்தத் தடை "லித்தியம் பேட்டரியில் ஓடும் சிறு வாகனங்கள்" என்ற தலைப்பில் பல நிறுவனங்களின் விதிகளில் இன்றும் நிற்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் இரண்டும் இந்த வகையை கேபினிலும் ஏற்பதில்லை, செக்-இன்னிலும் ஏற்பதில்லை. பேட்டரி எத்தனை வாட்-அவர் என்பது இந்தத் தடைக்குப் பொருட்டே இல்லை.

பல நிறுவனங்களின் பட்டியலில் உதாரணமாகக் கொடுத்திருக்கும் பெயர்கள்: ஹோவர்போர்டு, மினி செக்வே, சோலோவீல், ஏர்வீல். ஆமாம், ஏர்வீல். அங்கே குறிப்பிடுவது அந்த நிறுவனம் முன்பு பேர் வாங்கிய ஒற்றைச் சக்கர வண்டியை. ஆனால் உங்கள் சூட்கேஸின் நெற்றியில் அதே பெயர் பெரிதாக எழுதியிருக்கும். ஊழியர் பட்டியலைப் பார்க்கிறார், பெட்டியைப் பார்க்கிறார். அவர்மேல் என்ன தப்பு?

ஆக, டிக்கெட் போடுவதற்கு முன்பே விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். போனில் கேட்டு வாங்கும் "ஓகே சார், எடுத்துட்டு வாங்க" கவுண்டரில் செல்லாது. மின்னஞ்சலில் மாடல் பெயர், வாட்-அவர், பேட்டரி கழலும் படம், காலிப் பெட்டியின் எடை எல்லாவற்றையும் கொடுங்கள். கேள்வியை இப்படி வையுங்கள்: "இது மேலே உட்கார்ந்து ஓட்டக்கூடிய, மோட்டார் பொருத்திய சூட்கேஸ். பேட்டரியைக் கழற்றி கேபினில் வைத்துக்கொள்கிறேன். பேட்டரி இல்லாத பெட்டியைச் செக்-இன் சாமானாக ஏற்பீர்களா?" ஓட்டக்கூடியது என்பதை மறைத்து "ஸ்மார்ட் பேக்" என்று மட்டும் எழுதி வாங்கிய அனுமதி, பெட்டியை நேரில் பார்த்ததும் காற்றில் போய்விடும். இரண்டு நிறுவனங்களில் மாறிப்போகும் பயணம் என்றால் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். திரும்பி வருவது வேறு நிறுவனம் என்றால் அவர்களிடமும்தான்.

இடையே ஒன்று. முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவுக்கு உதவுமே என்று இந்தப் பெட்டியை வாங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி சக்கர நாற்காலிகளுக்குத் தாராளமான தனி விதி உண்டு. 300 வாட்-அவர் வரையிலான, கழற்றக்கூடிய பேட்டரியைக்கூட அனுமதிப்பார்கள். சூட்கேஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. வயதானவர்களுக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுவதுதான் நல்லது.

4. ஏழு கிலோ

இந்தப் பெட்டிகளில் பலவற்றின் அளவு கேபின் பைக்குப் பொருந்தும். எடை பொருந்தாது. மோட்டார், சக்கரம், அலுமினியச் சட்டம் எல்லாம் சேர்ந்து மோடோபேக் காலியாகவே எட்டரைக் கிலோவுக்கு மேல். இங்கிருந்து பறக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் கேபின் பைக்குத் தருவது 7 கிலோ. ஒரு கைக்குட்டைகூட வைக்காமல் அப்போதே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

அமெரிக்காவில் டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் ஆகியவை கேபின் பையின் எடையைப் பார்ப்பதில்லை, அளவை மட்டுமே பார்க்கின்றன. "கேபின் சைஸ்" என்று அட்டையில் போட்டு விற்பது அந்த ஊருக்குச் சரி. அதே அட்டையில் இருக்கும் "டிஎஸ்ஏ அங்கீகாரம்" என்பதும் பெரும்பாலும் பூட்டைப் பற்றியது. அமெரிக்கப் பாதுகாப்பு ஊழியர்கள் தங்கள் சாவியால் திறக்கக்கூடிய பூட்டு என்று அர்த்தம். பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனவே முதலிலிருந்தே செக்-இன் என்று திட்டமிடுங்கள். காலிப் பெட்டியின் எடை போக உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்றும் பாருங்கள். 15 கிலோ அனுமதி உள்ள உள்நாட்டு டிக்கெட்டில் பாதிக்கு மேல் பெட்டியே தின்றுவிடும். எனக்கு இது கட்டுப்படியாகும் கணக்காகத் தெரியவில்லை. ஆனால் குழந்தையைப் பெட்டிமேல் உட்காரவைத்து நீண்ட டிரான்சிட்டைக் கடக்கிறவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

எடைக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் கேபினுக்குள் கொண்டு போனாலும் பேட்டரியைச் சட்டென்று எடுக்கும் நிலையிலேயே வைத்திருங்கள். இடமில்லை என்று வாசலில் பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புவது எங்கும் நடப்பதுதான். சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும் ஏடிஆர் மாதிரியான சிறிய விமானங்களில் மேல்தட்டே சின்னது. பை கைமாறும் முன் பேட்டரி உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

5. முந்தைய இரவு

பேட்டரியைக் கேபினில் வைக்கச் சொல்வது ஏன் என்று தெரிந்தால் மூட்டை கட்டுவதும் சரியாக வரும். லித்தியம் செல்லுக்குள் ஷார்ட் ஆனால் சூடு ஏறும், சூடு இன்னும் வினையைத் தூண்டும், ஒரு செல் வெடித்துப் பக்கத்துச் செல்லைப் பற்ற வைக்கும். பயணிகள் விமானத்தின் சரக்கறையில் உள்ள ஹேலான் வாயு சாதாரணத் தீயை அடக்கும். செல்லுக்குள் ஓடும் இந்த வினையை நிறுத்தாது. கேபினில் என்றால் புகை வந்த உடனே யாராவது பார்ப்பார்கள், பணியாளர்கள் அணைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்த யுபிஎஸ் சரக்கு விமானம் லித்தியம் பேட்டரிகளைப் பெருமளவில் ஏற்றியிருந்தது. தீ பிடித்த அந்த விமானத்தில் இருந்த இரண்டு விமானிகளும் இறந்தார்கள்.

முதலில் பேட்டரியைக் கையில் எடுத்துச் சோதியுங்கள். உப்பியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, இனிப்பு வாசனை மாதிரி ஏதாவது அடிக்கிறதா? ஒன்று இருந்தாலும் அது பயணத்துக்கு வராது. அடிபட்ட பேட்டரியை எந்த விமானத்திலும் ஏற்றக் கூடாது.

சார்ஜை முழுக்க ஏற்றாதீர்கள். சரக்காக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளுக்கு 2016 முதல் 30 சதவீத வரம்பு இருக்கிறது. பயணிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை என்றாலும், உள்ளே சக்தி குறைவாக இருந்தால் ஏதாவது நேர்ந்தாலும் சேதம் குறைவு.

பிறகு மின்முனைகள். பேட்டரியின் ஓரத்தில் பித்தளை நிறத்தில் இரண்டு மூன்று பட்டைகள் தெரியும். பைக்குள் சாவிக்கொத்தோ சில்லறையோ அவற்றின் குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். இன்சுலேஷன் டேப்பை ஒட்டி மூடுங்கள். செல்லோ டேப் சூட்டில் கழன்றுவிடும். அதன்மேல் ஒரு கனமான பிளாஸ்டிக் பை. பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி அறையைத் திறந்து காட்ட வசதியாக விடுங்கள். பவர் பேங்க், பேட்டரி உள்ள டிராக்கர் என்று வேறு எதையும் அங்கே மறந்து வைத்துவிடாதீர்கள்.

பேட்டரியில் யுஎஸ்பி துளை இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. கழற்றிய பிறகு அது ஒரு பவர் பேங்க்தான். 2025 ஜனவரி 28 அன்று பூசானில் ஏர் பூசான் விமானம் தரையில் எரிந்து போனதற்குப் பிறகு பவர் பேங்க் விதிகள் எல்லா இடத்திலும் இறுகிவிட்டன. தென் கொரியாவில் மார்ச் முதல் மேல்தட்டில் வைக்கக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பயன்படுத்துவதைத் தடை செய்தது. சீன உள்நாட்டு விமானங்களில் ஜூன் 28 முதல் 3சி என்ற சீனத் தரச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏறாது. எமிரேட்ஸ் அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றுதான் என்கிறது. சூட்கேஸ் பேட்டரியோடு கைப்பையில் ஒரு பவர் பேங்கும் இருந்தால் எண்ணிக்கையில் இடிக்கும்.

6. ஏர்போர்ட்டில்

வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வெப் செக்-இன் செய்து பெட்டியைத் தானியங்கி இயந்திரத்தில் போட வேண்டாம். ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போங்கள். வரிசையில் நிற்கும்போதே பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிடுங்கள். பெட்டிமேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்து நிற்பவருக்கு "இது வாகனம் இல்லை" என்று வாதாடும் தார்மீக உரிமை கிடையாது.

உங்கள் முறை வந்ததும் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். "மேடம், இதுல லித்தியம் பேட்டரி உண்டு, கழட்டிட்டேன், இதோ" என்று காலி அறையைக் காட்டி, பேட்டரி லேபிளைக் காட்டி, மின்னஞ்சல் அச்சுப்பிரதியை நீட்டுங்கள். போனில் தேடிக் காட்டுவதைவிடத் தாள் நல்லது. அதை அவர் மேலதிகாரியிடம் எடுத்துப்போய்க் காட்ட முடியும். முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் அந்த மேலதிகாரிதான். மறுத்துவிட்டால் குரலை உயர்த்திப் பயனில்லை. வழியனுப்ப வந்தவரை பெட்டி உள்ளே போகும் வரை வாசலிலேயே இருக்கச் சொல்லுங்கள். மடித்து வைத்த ஒரு சாதாரணப் பையும் கூட இருந்தால், துணியை அதற்கு மாற்றி, மோட்டார் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

பெட்டி பெல்ட்டில் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். உள்ளே எக்ஸ்-ரேயில் மோட்டாரும் வயர்களும் தெரியும். சந்தேகம் வந்தால் திறந்து காட்ட உங்களைக் கூப்பிடுவார்கள். அதற்குள் நீங்கள் செக்யூரிட்டி தாண்டிப் போயிருந்தால் ஆளைத் தேடும் நேரத்தில் பெட்டி இங்கேயே நின்றுவிடும்.

செக்யூரிட்டியில் பேட்டரியைத் தனி டிரேயில் வையுங்கள். டேப் சுற்றிய கனமான கறுப்புக் கட்டி ஒன்று துணிக்கு நடுவே தெரிந்தால் எந்த சிஐஎஸ்எஃப் வீரரும் நிறுத்தத்தான் செய்வார். லேபிள் பக்கம் டேப் ஒட்டாமல் விட்டிருந்தால் அதைக் காட்டினாலே பெரும்பாலும் போதும்.

7. விமானத்துக்குள்

பேட்டரியை முன்சீட்டுக்கு அடியில், எட்டும் தூரத்தில் வையுங்கள். அதிலிருந்து போனுக்குச் சார்ஜ் போடாதீர்கள், அதையும் சார்ஜ் செய்யாதீர்கள். சூடானாலோ புகைந்தாலோ உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பையை மூடி வைப்பதுதான் ஆபத்து.

8. இறங்கிய பிறகு

பெட்டி வந்ததும் அங்கேயே பேட்டரியை மாட்டி ஏறி உட்காராதீர்கள். முதலில் ஹேண்டில், சக்கரம், பேட்டரி அறையின் தொடுமுனைகள் வளைந்திருக்கின்றனவா, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு ஒன்பது கிலோ இரும்பும் அலுமினியமும் உருண்டு புரண்டு வந்திருக்கின்றன. அடிபட்டிருந்தால் அரங்கத்தை விட்டு வெளியேறும் முன் அந்த நிறுவனத்தின் பேக்கேஜ் மேசையில் புகார் எழுதி வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் சேதப் புகாருக்கு 7 நாள் கெடு உண்டு என்றாலும், வெளியே போன பிறகு உடைந்தது என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

அப்புறம், ஓட்டுவது. விமானத்தில் ஏற்றிக்கொண்டார்கள் என்பதால் ஊரில் ஓட்டலாம் என்று ஆகாது. ஜப்பான் சட்டத்தின் கண்ணில் இது மொபெட் வகை. தெருவில் ஓட்ட உரிமம் வேண்டும். 2024-ல் ஒசாகாவில் நடைபாதையில் மூன்று சக்கர எலக்ட்ரிக் சூட்கேஸை ஓட்டிய வெளிநாட்டு மாணவி ஒருவர்மேல், உரிமமின்றி வாகனம் ஓட்டியதாகப் போலீஸ் வழக்கை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பியது. அந்தப் பெட்டியின் உச்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். ஒசாகாவின் கான்சாய், நகோயாவின் சுபு விமான நிலையங்கள் டெர்மினலுக்குள்ளும் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒசாகாவில் இறங்குகிறவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அதற்குப் பேட்டரியை மாட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.